நீரோ இராயனைக் குறித்து ஒரு மெய்ச்சாட்சி



நீரோ என்ற பெயரைக் கேட்டவுடனே நம்முடைய ஜனங்களுக்கு ஞாபகம் வருவது ஒரு பிடில். ரோம் நகரம் பற்றி எரியும்போது அவன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தான் என்று பள்ளிக்கூடப் பிள்ளை முதல் அரசியல் மேடைப் பேச்சாளர் வரைக்கும் எல்லாரும் சொல்றாங்க. பிரசங்க பீடங்களிலும் இந்தக் கதைக்குக் குறைவில்லை. ஆனால் பாருங்க, பிடில் என்கிற வாத்தியம் உருவானது 16-ஆம் நூற்றாண்டில். நீரோ செத்தது கி.பி. 68-ல். நடுவிலே ஏறக்குறைய 1,500 வருஷம் இருக்கிறது. இல்லாத பிடிலை அவன் எங்கே போய் வாசிப்பான்? அவன் வாசித்தது கித்தாரா என்ற யாழ் போன்ற ஒரு நரம்பு வாத்தியம். அதுமட்டுமல்ல, தீ தொடங்கின அந்த இராத்திரியில் அவன் ரோமாபுரியிலேயே இல்லை.

அவன் சபையைச் சித்திரவதை பண்ணின கொடியவன்தானே, அவனைப்பற்றி ஒரு பொய் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பிரியமானவர்களே, இது லேசான காரியம் அல்ல. ரோமிலிருந்த ஆதி விசுவாசிகள் செத்ததே ஒரு பொய்ச்சாட்சியினாலேதான். ஊருக்குத் தீ வைத்தவர்கள் என்று அவர்கள்மேல் பழி போட்டார்கள். பொய்ப்பழியால் செத்தவர்களுடைய விசுவாச சந்ததி நாம். அதே தீயைக் குறித்து, நிச்சயமில்லாத ஒரு பழியை நாம் இன்னொருவன்மேல் சுமத்தலாமா? ஆகவே இந்த மனுஷனுடைய ஜீவிய சரித்திரத்தை உள்ளதை உள்ளபடியே பார்ப்போம். அவன் செய்ததைக் குறைக்கவும் வேண்டாம், செய்யாததைக் கூட்டவும் வேண்டாம்.

தகப்பனில்லாத பிள்ளை

ரோமுக்குத் தெற்கே கடலோரத்தில் அந்தியம் என்று ஒரு பட்டணம். அங்கே கி.பி. 37, டிசம்பர் 15-ல் அவன் பிறந்தான். பெற்றோர் வைத்த பெயர் லூசியஸ் தொமித்தியஸ். நீரோ என்பது பிற்பாடு வந்த பெயர். தாயின் பெயர் அக்ரிப்பினா. அப்போது ரோமை ஆண்ட கலிகுலா இராயனுக்கு அவள் கூடப்பிறந்த சகோதரி. பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிற சமயத்தில், அந்தச் சகோதரனே அவளை நாடு கடத்திவிட்டான். மூன்று வயதில் தகப்பனும் செத்துப்போனான். பிள்ளைக்கு வரவேண்டிய ஆஸ்தியையும் கலிகுலா பறித்துக்கொண்டான். ராஜ குடும்பத்துப் பிள்ளை அத்தை வீட்டில் ஒண்டி வளர்ந்தான். அங்கே அவனைக் கவனிக்க இருந்தவர்கள் ஒரு நடனக்காரனும் ஒரு நாவிதனும் என்று பழைய சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார்.

கி.பி. 41-ல் கலிகுலா கொலை செய்யப்பட்டான். அடுத்து சிங்காசனம் ஏறினவன் கிலவுதியு. இந்தப் பெயர் நம்முடைய வேதாகமத்திலேயே இருக்கிறது. யூதர்களை ரோமை விட்டுப் போகச் சொன்னவன் இவன்தான். அப்படி வெளியேறினவர்கள்தான் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். இந்தக் கிலவுதியு அக்ரிப்பினாவுக்குச் சொந்தச் சித்தப்பா. கி.பி. 49-ல் அவள் அந்தச் சித்தப்பாவையே விவாகம் பண்ணிக்கொண்டாள். அடுத்த வருஷமே தன் மகனை அவனுக்குத் தத்துப்பிள்ளை ஆக்கினாள். அப்போது வந்ததுதான் நீரோ என்ற பெயர். கிலவுதியுவுக்குப் பிரித்தானிக்கஸ் என்ற சொந்த மகன் இருந்தும், தாயின் சாமர்த்தியத்தால் நீரோ முன்னுக்குத் தள்ளப்பட்டான். கி.பி. 53-ல் கிலவுதியுவின் மகள் ஒக்தாவியாவை அவனுக்குக் கட்டிவைத்தார்கள்.

அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க செனெகா என்ற தத்துவஞானியை நாடு கடத்தப்பட்ட தீவிலிருந்து திரும்ப அழைத்தாள் தாய். இந்தச் செனெகா யார் தெரியுமா? அப்போஸ்தலர் நடபடிகளில் கொரிந்து பட்டணத்தில் பவுலுக்கு விரோதமாக வந்த வழக்கைத் தள்ளிவிட்டானே கல்லியோன் என்ற அதிபதி, அவனுக்குக் கூடப்பிறந்தவன்.

கி.பி. 54 அக்டோபரில் கிலவுதியு செத்தான். மனைவியே விஷக் காளான் கொடுத்தாள் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அன்றைக்கே உலகத்தின் மகா பெரிய ராஜ்யம் ஒரு பையனுடைய கையில் வந்து விழுந்தது. நீரோவுக்கு வயது 16. நம்ம வீட்டில பத்தாவது, பதினொண்ணாவது படிக்கிற பையனை நினைச்சுப் பாருங்க.

நல்ல ஐந்து வருஷம்

இங்கேதான் அநேகர் ஆச்சரியப்படுவார்கள். அவனுடைய ஆளுகையின் முதல் வருஷங்கள் நல்ல வருஷங்கள். செனெகாவும், காவற்சேனைத் தலைவனாகிய புர்ரஸும் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்று புத்தி சொன்னார்கள். ஒரு குற்றவாளியின் மரண தீர்ப்பில் கையெழுத்துப் போடவேண்டி வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவனாய் இருந்திருக்கக் கூடாதா என்று அவன் மனம் நொந்தானாம். கி.பி. 57-ல், மாகாண அதிபதிகள் ஜனங்களின் பணத்தை உறிஞ்சி மல்யுத்தக் காட்சிகளும் மிருகக் காட்சிகளும் நடத்தக்கூடாது என்று தடை போட்டான். கி.பி. 58-ல், ஆயக்காரர்களைப்பற்றி ஜனங்கள் முறையிட்டபோது, சுங்கம் ஆயம் எல்லாவற்றையுமே ஒரேயடியாய் எடுத்துவிடலாம் என்றான். கஜானா காலியாகிவிடும் என்று செனட் உறுப்பினர்கள் தடுத்தார்கள். ஆனாலும் வரி விதிகளை எல்லாரும் பார்க்கும்படி வெளிப்படையாய் வைக்க உத்தரவு போனது.

பவுல் ரோமருக்கு நிருபம் எழுதினது ஏறக்குறைய கி.பி. 57-ல். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிந்து நடக்கும்படி அந்தச் சபைக்கு அவர் புத்தி சொன்னபோது ரோமை ஆண்டவன் யார்? இதே நீரோதான். இரண்டு மூன்று வருஷம் கழித்து, செசரியாவிலே பெஸ்துவின் முன்பாக நின்று, தன் வழக்கை இராயனுக்கு அபயமிட்டாரே பவுல், அந்த இராயன் யார்? இவனேதான். எருசலேமிலே நியாயம் கிடைக்காது, ரோமிலே கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு அப்போது அர்த்தமற்ற எதிர்பார்ப்பு அல்ல. ரோமுக்கு வந்த பவுல் இரண்டு வருஷம் வாடகை வீட்டிலே குடியிருந்து, யாரும் தடுக்காமல் சுவிசேஷம் சொன்னார். இராயனுடைய அரமனையிலும் விசுவாசிகள் இருந்தார்கள் என்று பிலிப்பியருக்கு எழுதின நிருபம் காட்டுகிறது. அந்த நிருபம் ரோமிலிருந்து போனது என்பது சபையின் பழைய நம்பிக்கை.

இரத்தத்தில் நனைந்த வீடு

சரி, அப்படியானால் நீரோ நல்லவனா? இல்லீங்க. அந்த நல்ல வருஷங்களுக்குள்ளேயே பாவம் வாசற்படியில் படுத்திருந்தது. கி.பி. 55-ல் பிரித்தானிக்கஸ் பந்தியிலேயே சுருண்டு விழுந்து செத்தான். பதினாலு வயது முடிய இன்னும் சில நாட்கள். நீரோ விஷம் வைத்தான் என்று பழைய சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பையனுக்கு வலிப்பு நோய் இருந்தபடியால் இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் அடுத்த கொலையில் சந்தேகத்துக்கே இடமில்லை.

கி.பி. 59-ல் அவன் தன்னைப் பெற்ற தாயையே கொன்றான். கவிழ்ந்துபோகும்படி செய்த ஒரு படகில் அவளை ஏற்றினார்கள். அவள் நீந்திக் கரையேறிவிட்டாள். உடனே ஆட்களை வீட்டுக்கே அனுப்பித் தீர்த்துவிட்டான். இதைவிடப் பயங்கரம் என்ன தெரியுமா? தாயைக் கொன்றவனைக் கண்டிக்க வேண்டிய செனட், அவன் தப்பினதற்காகத் தங்கள் தேவர்களுக்கு நன்றி செலுத்தத் தீர்மானம் போட்டது. திராசேயா என்ற ஒரு மனுஷன் மாத்திரம் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனான். அவனும் கி.பி. 66-ல் நீரோவின் காலத்திலேயே சாகவேண்டி வந்தது.

கி.பி. 62-ல் புர்ரஸ் செத்தான். செனெகா ஒதுங்கிக்கொண்டான். புத்தி சொன்னவர்கள் இருந்த இடத்துக்குத் திகெல்லினஸ் என்ற துஷ்டன் வந்தான். அதே வருஷம் ஒக்தாவியாவைத் தள்ளிவிட்டு, பொப்பேயா என்பவளை விவாகம் பண்ணினான். ஒக்தாவியாவைத் திரும்பக் கொண்டுவரும்படி ஜனங்கள் தெருவிலே கூடிக் கத்தினார்கள். பிரயோஜனமில்லை. அந்த அப்பாவிப் பெண்ணை ஒரு தீவுக்கு அனுப்பி அங்கே கொன்றார்கள்.

கண்டிக்க ஆள் இல்லாத மனுஷன், தட்டிக்கொடுக்க ஆயிரம் பேர் உள்ள மனுஷன், எவ்வளவு சீக்கிரம் விழுந்துபோகிறான் பாருங்கள். நீரோவைக் கெடுத்தது பிடில் அல்ல. நீர் செய்வதெல்லாம் சரி என்று சொன்ன வாய்கள்தான்.

ஒன்பது நாள் எரிந்த நகரம்

கி.பி. 64, ஜூலை 18 இரவு. ரதப் பந்தய மைதானத்தை ஒட்டின கடைகளில் தீ பிடித்தது. எரியக்கூடிய சரக்குகள் நிறைந்த கடைகள், வளைந்து நெளிந்த குறுகலான தெருக்கள், பலமான காற்று. ஆறு நாள் எரிந்து அடங்கி, மறுபடியும் கிளம்பி, மொத்தம் ஒன்பது நாள் எரிந்தது. நகரத்தின் 14 வட்டாரங்களில் 3 அடியோடு நாசம். 7 பெரும் சேதம். தப்பினது 4 மாத்திரம்.

நீரோ அப்போது தான் பிறந்த அந்தியம் பட்டணத்தில் இருந்தான். தீ தன் அரமனையை நெருங்குகிற வரைக்கும் அவன் புறப்படவில்லை என்கிற குற்றச்சாட்டு உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்தபிறகு செய்ததையும் சொல்லவேண்டும் அல்லவா? வீடு இழந்தவர்களுக்குப் பொதுக் கட்டிடங்களையும் தன் சொந்தத் தோட்டங்களையும் திறந்துவிட்டான். தற்காலிகக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தான். ஓஸ்தியா துறைமுகத்திலிருந்து உணவுப் பொருள்கள் வரவழைத்தான். தானிய விலையை வெகுவாய்க் குறைத்தான். பிற்பாடு நகரத்தைக் கட்டும்போது தெருக்களை அகலமாக்கி, கட்டிடங்களின் உயரத்துக்கு வரம்பு வைத்து, வீட்டுக்கு வீடு பொதுச்சுவர் கூடாது, தீப் பிடிக்காத கல் வைக்கவேண்டும், தீயணைக்கும் சாமான்கள் கையிருப்பில் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டான். இதை எழுதி வைத்தது அவனுடைய சிநேகிதன் அல்ல. அவனை வெறுத்த டாசிட்டஸ் என்ற சரித்திர ஆசிரியர்.

பின்னே பழி ஏன் வந்தது? தீயை அணைக்க வந்தவர்களைச் சிலர் மிரட்டினார்கள், பந்தங்களை வீசினார்கள், உத்தரவின்பேரில் செய்கிறோம் என்று கத்தினார்கள் என்று பேச்சு. கொள்ளையடிக்க அப்படிச் சொன்னார்களா, உண்மையிலேயே உத்தரவு இருந்ததா என்று டாசிட்டஸே முடிவு சொல்லவில்லை. நகரம் எரியும்போது நீரோ தன் வீட்டு மேடையில் ஏறி, திரோயா பட்டணம் அழிந்த பாட்டைப் பாடினான் என்பதையும் அவர் வதந்தி என்றுதான் எழுதுகிறார். பாட்டுப் பாடுகிற ராஜா அவன், ஆகவே ஜனங்களுக்கு அது சுலபமாய் ஒட்டிக்கொண்டது. தீக்குப் பிறகு, எரிந்துபோன இடத்தில் பொன் மாளிகை என்ற பிரமாண்டமான அரமனையை அவன் கட்டத் தொடங்கினதும் சந்தேகத்தை வளர்த்தது. இடம் பிடிக்கத்தான் தீ வைத்தான் என்றார்கள். ஆனால் அந்தத் தீயில் அவன் புதிதாய்க் கட்டியிருந்த சொந்த அரமனையும் எரிந்துபோனதே!

பழி விழுந்த இடம்

ஜனங்களின் முறுமுறுப்பு அடங்கவில்லை. தானியம் கொடுத்தும் அடங்கவில்லை, தேவர்களுக்குப் பலியிட்டும் அடங்கவில்லை. அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். தன்மேல் விழுந்த பழியைத் தூக்கி, ஊரார் ஏற்கெனவே வெறுத்திருந்த ஒரு சிறு கூட்டத்தின்மேல் போட்டான். அவர்கள்தான் கிறிஸ்தவர்கள்.

சிலரை மிருகத்தோல் போர்த்தி நாய்களை ஏவிக் கிழிக்கவைத்தார்கள். சிலரைச் சிலுவையில் அடித்தார்கள். சிலரை இருட்டினபின் விளக்குகளாக எரித்தார்கள். தன் தோட்டத்தையே அந்தக் காட்சிக்குத் திறந்துவிட்டு, நீரோ ரதசாரதி வேஷத்தில் ஜனங்களுக்குள் நடமாடினான். கிறிஸ்தவர்களை வெறுத்த ஜனங்களே கடைசியில் இரக்கப்பட்டார்களாம். ஊர் நன்மைக்காக அல்ல, ஒருவனுடைய கொடுமைக்காகச் சாகிறார்கள் என்று அவர்களுக்கே தெரிந்துபோயிற்று. பேதுருவும் பவுலும் இவன் காலத்திலேதான் இரத்த சாட்சிகளாய் மரித்தார்கள் என்பது சபையின் பழைய பாரம்பரியம்.

இதற்கும் சாட்சி அந்த டாசிட்டஸே. அவருக்கு நீரோவையும் பிடிக்காது, கிறிஸ்தவர்களையும் பிடிக்காது. இருந்தும், தீ வைத்த குற்றத்தில் இவர்களுக்குப் பங்கில்லை என்பதை அவருடைய எழுத்தே காட்டுகிறது. ஆனால் அவர் எழுதினது சம்பவம் நடந்து ஏறக்குறைய 50 வருஷத்துக்குப் பிறகு. அதனால் 2015-ல் பிரென்ட் ஷா என்ற சரித்திரப் பேராசிரியர் இந்தச் சம்பவமே நடந்திருக்காது என்று வாதம் பண்ணினார். வேறு அறிஞர்கள் அவருக்குப் பதில் எழுதினார்கள். இன்றைக்கும் பெரும்பாலோர் டாசிட்டஸை நம்புகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன்? நமக்குச் சாதகமான சாட்சியையும் அதே தராசில் வைக்கவேண்டும். நிறுத்துப் பார்த்தால் நிற்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

முப்பது வயதில் முடிவு

கி.பி. 65-ல் அவனைக் கொல்ல ஒரு சதி வெளிப்பட்டது. அதில் பங்கு உண்டு என்று சொல்லி, தன்னை வளர்த்த குருவாகிய செனெகாவையே தற்கொலை செய்யும்படி கட்டளையிட்டான். கி.பி. 66-ல் யூதேயாவில் கலகம் வெடித்தது. அதை அடக்க வெஸ்பாசியனை அனுப்பினவன் நீரோதான். அவனோ கிரேக்க தேசத்துக்குப் போய்ப் பாட்டுப் போட்டிகளிலும் ரதப் பந்தயங்களிலும் பரிசு வாங்கிக்கொண்டிருந்தான். அங்கேயும் கிரேக்கருக்கு வரியை நீக்கினான், கொரிந்துவில் கால்வாய் வெட்டத் தொடங்கினான். 1893-ல் முடிந்த அந்தக் கால்வாய் அவன் தொடங்கின அதே பாதையில்தான் இன்றும் இருக்கிறது.

கி.பி. 68-ல் சேனைகள் கலகம் பண்ணின. செனட் அவனை நாட்டின் சத்துரு என்று அறிவித்தது. காவற்சேனை கைவிட்டது. இராத்திரியிலே ஊருக்கு வெளியே ஒரு பழைய வேலைக்காரனுடைய வீட்டுக்கு ஓடி ஒளிந்தான். குதிரைச் சத்தம் நெருங்கினபோது, கூட இருந்தவன் கைகொடுக்க, தன் தொண்டையில் கத்தியை இறக்கிச் செத்தான். வயது 30. அவனை அடக்கம் பண்ணினவர்கள் யார் தெரியுமா? பிள்ளையாயிருந்தபோது வளர்த்த இரண்டு தாதிகளும், ஒரு காலத்தில் அவன் நேசித்த ஆக்தே என்ற பெண்ணும். ராஜ்யமெல்லாம் கைவிட்டபோது மூன்று ஸ்திரீகள் வந்தார்கள்.

பொய் வளர்ந்த விதம்

ஊரில் சிலர் தொப்பி போட்டுக்கொண்டு கொண்டாடினார்கள். வேறு சிலர் வெகு காலம் அவன் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சாகவில்லை, திரும்பி வருவான் என்று கிழக்குத் தேசங்களில் நம்பினார்கள். நான்தான் நீரோ என்று சொல்லிப் போலிகள் எழும்பினார்கள். நீரோன் கேசர் என்ற பெயரை எபிரெய எழுத்துக்களில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் உள்ள அந்த எண்ணைக் குறித்துச் சபைகளில் வெவ்வேறு கருத்து உண்டு. ஆனால் செத்துப்போன ஒருவனுடைய பெயருக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பது இதிலே விளங்குகிறது.

நீரோவுக்குப் பின் ஒரு வருஷக் குழப்பம். அதற்குப் பிறகு வெஸ்பாசியனின் குடும்பம் சிங்காசனத்துக்கு வந்தது. முந்தின குடும்பத்தைக் கறுப்பாய்க் காட்டினால்தானே தாங்கள் வெள்ளையாய்த் தெரிய முடியும்? அந்தக் குடும்பத்தின் தயவில் வாழ்ந்தவர் யூத சரித்திர ஆசிரியர் யோசேபஸ். அவரே, நீரோவின் நன்மை பெற்றவர்கள் அன்பினாலும், அவனை வெறுத்தவர்கள் பகையினாலும் உண்மையை விட்டு எழுதினார்கள் என்று கண்டித்திருக்கிறார். டாசிட்டஸ் இரண்டு விதமாகவும் சொன்ன தீயை, அவருக்குப் பின் எழுதின சூட்டோனியஸ் நீரோவே வைத்தான் என்று நிச்சயமாய் எழுதினார். அதற்கும் நூறு வருஷம் பின்னால் தியோ இன்னும் விரித்து எழுதினார். கடைசியில் பிடிலும் வந்து சேர்ந்தது. 2021-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நீரோவைப்பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்து, கதை எது, மனுஷன் எவன் என்று ஜனங்களைச் சிந்திக்கவைத்தது. உலகத்தார் இவ்வளவு கவனமாய் இருக்கும்போது நாம் எவ்வளவு கவனமாய் இருக்கவேண்டும்!

அருமையான தேவ பிள்ளைகளே, பொய்ச்சாட்சி கூடாது என்ற கற்பனையில், கெட்டவனைப்பற்றியானால் பரவாயில்லை என்ற விதிவிலக்கு இல்லை. நீரோ தாயைக் கொன்றான், மனைவியைக் கொன்றான், குருவைக் கொன்றான், குற்றமற்ற பரிசுத்தவான்களை விளக்காய் எரித்தான். இந்தக் கணக்கு போதாதா? இதற்குமேல் ஒரு பிடிலும் ஒரு தீக்குச்சியும் நாம் சேர்க்கவேண்டுமா? பொய்யைச் சேர்த்தால் என்ன நடக்கும்? பிடில் பொய் என்று கண்டுபிடிக்கிற வாலிபன், அந்த இரத்த சாட்சிகளும் பொய்யோ என்று கேட்பான். நமக்கு விரோதமானவனைப்பற்றி நாம் சொல்லுகிற உண்மையை வைத்துத்தான், நம்முடைய கர்த்தரைப்பற்றி நாம் சொல்லுகிறதை உலகம் நிதானிக்கும்.

அந்த விசுவாசிகள்மேல் வந்த பழி எப்படிப் பரவினது? ஒருவன் சொன்னான், கேட்டவன் விசாரிக்காமல் அடுத்தவனுக்குச் சொன்னான். அவ்வளவுதான். இன்றைக்கு நம் தெருவில் யாரைப்பற்றியாவது, நமக்குப் பிடிக்காத யாரைப்பற்றியாவது ஒரு செய்தி வரும்போது, அது நம்முடைய நாவிலே வந்து நிற்கட்டும். உண்மையா என்று கேட்போம். உண்மையானால் தைரியமாய்ச் சொல்வோம். இல்லையானால் அங்கேயே அணைத்துவிடுவோம்.

சத்தியத்தின் ஆவியானவர் தாமே நம் உதடுகளைக் காத்துக்கொள்வாராக. ஆமென்.